வாசலில் பார்த்த நிறம்

மனைவியோடு ஜவுளிக் கடைக்குப் போகும் கணவனுக்கு அங்கே இரண்டே வேலைகள்தாம் உண்டு. ஒன்று, பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இன்னொன்று, கேட்கும்போது "நன்றாய்த்தான் இருக்கிறது" என்று சொல்வது. பல வருஷங்களாக இவ்விரண்டையும் நான் குறைவில்லாமல் செய்து வந்திருக்கிறேன். ஆனால் ஒரு காட்சி மட்டும் வெகு காலம் எனக்கு விளங்காமலே இருந்தது. முக்கால் மணி நேரம் புரட்டிப் பார்த்து, முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்து, விலையும் படிந்து, பில் போடப் போகும் சமயத்தில் என் மனைவி சேலையை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு நடப்பாள். கடைப் பையன் ஒருவன் பின்னாலேயே ஓடுவான். தெரு வெளிச்சத்தில் சேலையைப் பிரித்துப் பிடித்து ஒரு நிமிஷம் பார்ப்பாள். திரும்பி வந்து, "இது வேண்டாம், வேறே காட்டுங்க" என்பாள்.

கடைக்காரர் மேல் உள்ள அவநம்பிக்கைதான் இதற்குக் காரணம் என்று நினைத்திருந்தேன். ஒரு தீபாவளிச் சமயம் என் அபிப்பிராயத்தைச் சொல்லியும் விட்டேன். அன்று இருட்டிவிட்டது, எனக்கோ அவசரம். "வாசலில் போய் என்ன பார்க்கப் போகிறாய்? அங்கேயும் விளக்குத்தானே?" என்றேன். அவளும் போனால் போகிறதென்று விட்டுவிட்டாள். மயில் கழுத்து நிறம் என்று சொல்லி வாங்கி வந்தோம். மறுநாள் காலையில் கூடத்து ஜன்னலருகே அதைப் பிரித்தவள், "இது நாம் வாங்கின சேலையே இல்லை" என்றாள். எட்டிப் பார்த்தேன். மயிலையும் காணோம், கழுத்தையும் காணோம். பாசி பிடித்த குளம் ஒன்று மடித்து வைத்தாற்போல் இருந்தது. பில்லையும் சீட்டையும் ஒத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அதே சேலைதான். கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்படியானால் ராத்திரி நாங்கள் பார்த்த நிறம் எங்கே போயிற்று?

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாத வேலைதான். ஆனாலும் அந்தக் கேள்வி விடவில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனதில் முந்நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் ஒன்றில் போய் விழுந்தேன். கடைசியில் அது என்னை என் அத்தான் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திற்று. என்ன நடந்தது என்பதை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

1666-ஆம் வருஷத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஓர் இருபத்து மூன்று வயது வாலிபர் முப்பட்டைக் கண்ணாடி ஒன்று வாங்கினார். அவர் பெயர் ஐஸக் நியூட்டன். முப்பட்டைக் கண்ணாடி அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டுச் சாமான். வெயிலில் பிடித்தால் வானவில் காட்டும். அதைப் பார்த்துக் குழந்தைகள் கை தட்டின. படித்தவர்கள் காரணமும் சொன்னார்கள். வெயில் இயல்பில் தூய வெள்ளை. கண்ணாடியின் ஊடே வரும்போது அது கறைபட்டுப் போகிறது. அந்தக் கறைதான் நிறம் என்பது அவர்கள் கொள்கை. துணியைச் சாயத் தொட்டியில் முக்கி எடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நியூட்டன் அறையை இருட்டாக்கி, ஜன்னல் கதவில் சிறு துவாரம் ஒன்று போட்டார். அதன் வழியாக வந்த வெயில் கண்ணாடியில் பட்டு, இருபத்திரண்டு அடி தூரத்துச் சுவரில் போய் விழுந்தது. நிறங்களின் அழகைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. துவாரமோ வட்டம், சூரியனும் வட்டம். அப்படியிருக்க, சுவரில் விழுந்த பிம்பம் மட்டும் ஏன் நீண்டிருக்கிறது? அளந்து பார்த்தார். அகலம் சுமார் இரண்டரை அங்குலம். நீளம் பதின்மூன்று அங்குலத்துக்கு மேல். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! எல்லாரும் நிறத்தைப் பார்த்த இடத்தில் இவர் நீளத்தைப் பார்த்தார். அதில்தான் இருந்தது சூட்சுமம்.

சுவரில் விழுந்த பட்டையிலிருந்து ஒரு நிறத்தை மட்டும் ஒரு பலகைத் துவாரத்தின் வழியே பிரித்தெடுத்து, இரண்டாவது முப்பட்டைக் கண்ணாடியின் ஊடே செலுத்தினார். கண்ணாடி கறைப்படுத்துவது உண்மையானால் இரண்டாவது கண்ணாடி மேலும் கறைப்படுத்த வேண்டும் அல்லவா? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு சிவப்பாகவே வந்தது. நீலம் நீலமாகவே வந்தது. ஆனால் சிவப்பு கொஞ்சமாக வளைந்தது, நீலம் அதிகமாக வளைந்தது. ஆகக் கண்ணாடி எதையும் சேர்க்கவில்லை. ஏற்கெனவே உள்ளதைப் பிரித்துத்தான் கொடுத்தது. பிரிந்தவற்றை ஒரு வில்லையால் மறுபடி ஒன்று சேர்த்தார். பழைய வெள்ளை வெயில் திரும்பி வந்துவிட்டது. தூய்மைக்கு உவமையாக நாம் சொல்லும் வெள்ளை உண்மையில் ஒரு கூட்டுக் குடும்பம்!

இதை 1672-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் கடிதமாக எழுதினார். அதில் என் மனைவியின் சேலைக்கும் பதில் இருக்கிறது. இருட்டறையில் ஈயச் செந்தூரத்தை வைத்து, தனித்தனி நிற ஒளியை அதன் மேல் விழச் செய்தாராம். எந்த நிற ஒளி விழுந்ததோ அந்த நிறமாகவே செந்தூரம் தோன்றியது. சிவப்பு ஒளியில் மட்டும் மிகப் பிரகாசமாக இருந்தது. நீலப் பொடி ஒன்றை வைத்தபோது அது நீல ஒளியில் மிகப் பிரகாசமாக இருந்தது. இதிலிருந்து தெரிவது என்ன? பொருளுக்கு என்று சொந்தமாக நிறப் பெட்டி கிடையாது. விழுகிற ஒளியில் சிலவற்றை விழுங்குகிறது, சிலவற்றைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். வரவில் இல்லாததைச் செலவில் காட்ட முடியுமா?

சூரியன் கணக்கில் எல்லா வரவும் உண்டு. இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கும் வெள்ளையாகத்தான் தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் முதலில் நீல ஒளியை உண்டாக்கி, ஒரு பூச்சினால் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்து வெள்ளை போல் நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள ஒளி அதில் குறைவு. மயில் கழுத்து என்பது சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது! கடையில் நீலத்தின் பக்கம் சாய்ந்த சேலை, காலை வெயிலில் பச்சையின் பக்கம் சாய்ந்துவிட்டது. எந்தப் பெண்மணி முதன்முதலில் சேலையை வாசலுக்குக் கொண்டு போனாளோ, அவள் நியூட்டன் கடிதத்தைப் படிக்காமலே அதன் சாரத்தை அறிந்து வைத்திருந்தாள்.

இதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் நியூட்டனிடமே இன்னும் இரண்டு சங்கதிகள் இருந்தன. வானவில்லில் ஏழு நிறம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ஏழு அவர் போட்ட கணக்கு. முதலில் ஐந்து என்றுதான் வைத்திருந்தார். சங்கீதத்தின் ஏழு சுரங்களுக்கு ஒப்பாக இருக்கட்டும் என்று பிறகு ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். எந்த நிறம் எங்கே முடிகிறது என்று கோடு கிழிப்பதற்குத் தம் கண்ணை நம்பாமல், நிறம் பிரித்தறிவதில் தம்மைவிடக் கூர்மையான கண் உள்ள ஒரு நண்பரைக் கூப்பிட்டுக்கொண்டார். 1704-இல் வெளிவந்த தம்முடைய ஒளி நூலில், ஒளிக் கதிர்களுக்கு உண்மையில் நிறமே இல்லை என்றும் எழுதி வைத்தார். இன்ன நிறம் என்ற உணர்ச்சியை நமக்குள் எழுப்புகிற சக்திதான் கதிரில் இருக்கிறது. நிறம் நமக்குள்ளேதான் பிறக்கிறது என்பது அவர் கருத்து.

விளக்கு ஒன்று, சேலை ஒன்று என்று நான் போட்டிருந்த கணக்கில், கண் என்ற மூன்றாவது ஆசாமியும் வந்து உட்கார்ந்துகொண்டார். அவருடைய கதையைச் சொல்ல வேறொருவர் பிறக்க வேண்டியிருந்தது.

ஜான் டால்டன் 1766-இல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் கைத்தறி நெசவாளி. பிற்காலத்தில் அணுக் கொள்கைக்காக உலகப் புகழ் பெற்ற அதே டால்டன்தான். இருபத்தைந்து வயது தாண்டும் வரை தம் கண்ணில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் நிறங்களுக்குச் சரியாகப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தார். சிவப்பு என்று எதையோ சொல்கிறார்கள், ரோஜா நிறம் என்று எதையோ சொல்கிறார்கள். பெயரில்தான் குழப்பம் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

1792-இல் ஒரு நாள் இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு ஜெரேனியப் பூவைப் பார்த்தார். பகலில் அவருக்கு அது வானத்து நீலமாகத் தெரிந்த பூ. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீலத்தின் சாயலே இல்லை, சிவப்பாக இருந்தது. ஆச்சரியப்பட்டு நண்பர்களை அழைத்துக் காட்டினார். "பகலிலும் இரவிலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது!" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவரைப் போலவே பார்த்தவர் ஒருவர்தான். அவர் டால்டனின் உடன்பிறந்த சகோதரர்.

அந்த இடத்தில் சாதாரண மனிதர்களாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஊரார் எல்லாருக்கும் கண் கெட்டுவிட்டது என்று சண்டை பிடித்திருப்போம். அல்லது நமக்குத்தான் கெட்டுவிட்டது என்று வெட்கப்பட்டு மூடி மறைத்திருப்போம். டால்டன் இரண்டும் செய்யவில்லை. தாம் பார்ப்பதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். 1794 அக்டோபர் 31-ஆம் தேதி மான்செஸ்டர் நகரத்து இலக்கிய, தத்துவ சங்கத்தில் எழுந்து நின்று அதைப் படித்தார். முத்திரை வைக்கிற சிவப்பு அரக்கும், லாரல் செடியின் பச்சை இலையும் தமக்கு நன்றாக ஒத்துப் போவதாகச் சொன்னார். ரத்தம் கரும்பச்சைப் புட்டியின் நிறமாகத் தெரிவதாகச் சொன்னார். சிவந்த கன்னம், வெள்ளைக் காகிதத்தில் நீர்த்த மையைத் தடவினாற்போல் இருப்பதாகச் சொன்னார். வானவில் பட்டையில் மற்றவர்களுக்கு ஆறேழு நிறம். தமக்கு மஞ்சள், நீலம் இரண்டும் தெளிவு, மிஞ்சினால் ஊதா என்றார். இந்தக் குறை பரவலாக அறியப்பட்டது அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகுதான்.

அவருக்கு அரக்குச் சிவப்பு தெரியாமல் போனதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1834-இல் அவரை மன்னர் நான்காம் வில்லியமின் சபைக்கு அழைத்துப் போனார்கள். டால்டன் குவேக்கர் சமயத்தவர். சபை உடைக்கு உரிய வாள் அவர்களுக்கு ஆகாது. ஆகவே ஆக்ஸ்போர்டு பட்டத்துக்கு உரிய அங்கியைப் போட்டுக்கொண்டு போனார். அதுவோ பளீரென்ற சிவப்பு! குவேக்கர்கள் தொடாத நிறம். அவர் கண்ணுக்கு அது மண் நிறம். ஆகவே நிம்மதியாக நடந்து போய்வந்தார்.

தம் கண்ணுக்குள் இருக்கிற நீர்ப் பகுதி நீலம் பாய்ந்திருக்க வேண்டும், அதுதான் சிவப்பை விழுங்கிவிடுகிறது என்று டால்டன் நம்பினார். தாம் இறந்த பிறகு கண்ணை எடுத்துச் சோதிக்கும்படி ஏற்பாடும் செய்து வைத்தார். 1844 ஜூலையில் அவர் காலமானார். ரான்சம் என்ற வைத்தியர் சோதித்தார். நீர் தெளிவாகவே இருந்தது. மற்றொரு கண்ணின் பின்புறத்தைச் சீவி, அதன் வழியாகவே சிவப்பையும் பச்சையையும் பார்த்தார். இரண்டும் உள்ளபடியே தெரிந்தன. டால்டன் நினைத்தது தவறு. ஆனால் அந்தக் கண்களை எறிந்துவிடவில்லை. மான்செஸ்டரில் பத்திரப்படுத்தி வைத்தார்கள்.

அவர் உயிரோடிருந்தபோதே தாமஸ் யங் என்பவர், கண்ணில் ஒளியை வாங்கும் உறுப்புகள் மூன்று விதம் இருக்க வேண்டும், டால்டனுக்குச் சிவப்பை வாங்குவது இல்லை என்று ஊகித்திருந்தார். 1995-இல் விஞ்ஞானிகள் அந்தப் பழைய கண்ணிலிருந்து துளித் துணுக்கு எடுத்து, அதில் பரம்பரைக் குறிப்புகள் அடங்கிய டி.என்.ஏ.யைப் படித்தார்கள். நூற்றைம்பது வருஷம் கழித்து விடை கிடைத்தது. மூன்று என்று யங் சொன்னது சரி. ஆனால் டால்டனிடம் இல்லாதது சிவப்புக்கானது அல்ல, பச்சைப் பகுதிக்கானது. மூன்றையும் ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்று இல்லாவிட்டால் சிவப்பும் பச்சையும் ஒரே ஜாடையாகிவிடும். அவருடைய ஜெரேனியம் பகலில் திருப்பி அனுப்பிய நீலம் அவருக்குத் தெரிந்தது. மெழுகுவர்த்தியில் நீல ஒளி சொற்பம். ஆகவே அந்த நீலமும் மறைந்தது. அவருடைய பூவும் என் மனைவியின் சேலையும் செய்த குற்றம் ஒன்றேதான்.

இந்தக் குறை விளையாட்டல்ல என்று உலகம் விழித்துக்கொண்டது ரயில் வந்த பிறகு. 1875 நவம்பரில் ஸ்வீடன் தேசத்தில் லாகர்லுண்டா என்ற இடத்தருகே இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். சிவப்பு, பச்சை தெரியாத கண் காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரேன் என்ற பேராசிரியர் வாதாடினார். அந்த விபத்துக்கு அதுதான் காரணமா என்பதில் இக்கால ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் மறு வருஷம் ஒரு ரயில் பாதையில் வேலை செய்த 266 பேரை அவர் சோதித்ததில் 13 பேருக்குக் குறை இருந்தது உண்மை. அவர் சோதித்த விதம் அழகானது. பல நிறக் கம்பளி நூல் சிட்டங்களைக் குவித்துப் போட்டு, ஒன்றைக் கையில் கொடுத்து, இதைப் போன்றவற்றைப் பொறுக்கி எடு என்பார். எந்த நிறத்துக்கும் பெயர் கேட்க மாட்டார். பெயர்தான் ஏமாற்றிவிடும் என்பதை டால்டன் கதையிலிருந்து உலகம் கற்றிருந்தது. 1917-இல் ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா, புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து வைத்த புத்தகத்தைச் செய்தார். இன்றைக்கும் நம் ஊரில் டிரைவர் வேலைக்குப் போகிறவர்களிடம் அந்த மாதிரிப் புள்ளிப் படத்தைத்தான் நீட்டுகிறார்கள்.

என் அத்தானிடமும் நீட்டினார்கள். அங்கேதான் நான் வர வேண்டிய இடத்துக்கு வந்தேன்.

அத்தான் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அத்தையின் ஒரே பிள்ளை. பள்ளி விடுமுறையில் வேலி ஓரமாகக் கோவைப் பழம் பறிக்கப் போவோம். எனக்குச் சட்டைப் பை நிறையும்; அவருக்கு இரண்டு பழம் கிடைத்தால் அதிகம். பச்சை இலைக்குள் செக்கச் செவேலென்று தொங்குவதை எதிரில் நின்றுகொண்டே, "எங்கேடா?" என்பார். இல்லாத இடத்தைக் காட்டி அலைய விட்டுச் சிரித்திருக்கிறேன். டிராயிங் வகுப்பில் ஒரு தடவை மரத்தின் இலைக்கெல்லாம் செங்காவி வர்ணம் அடித்துக்கொண்டு போனார். வாத்தியார் வேண்டுமென்று செய்கிறான் என்று பிரம்பால் விளாசினார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது. பிறகு ரயில் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டு, பரீட்சை தேறி, புள்ளிப் படத்தில் தோற்றுத் திரும்பி வந்தார். "பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதாமே! கேட்கிறவன் நம்புவானா? பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டுக் கதை சொல்கிறான்" என்று வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஓர் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார்.

டால்டன் கதையைப் படித்து முடித்த வாரத்தில் அந்தக் கடைக்குப் போனேன். அரக்கும் இலையும் ஒன்றாகத் தெரிந்ததையும், ரத்தம் பச்சையாகத் தெரிந்ததையும் சொன்னேன். இந்தக் குறை பெரும்பாலும் தாய் வழியாகப் பிள்ளைக்கு வருவது, தாய்க்குக் கண்ணில் ஒரு குறையும் இராது என்றும் சொன்னேன். எங்கள் குடும்பத்திலேயே சேலை நிறம் பார்ப்பதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது! ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு என்றும் கணக்குச் சொன்னேன். அத்தான் ஒரு தூக்குப் பாத்திரத்தைத் துடைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்த மனுஷர் இதைச் சொன்னது எந்த வருஷம்னு சொன்னே?"

"1794."

"அப்படின்னா நம்ம டிராயிங் வாத்தியார் பொறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றார்.

நான் கோவைப் பழத்து விஷயத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுடா, பழத்தைப் பாதி எனக்குத்தானே கொடுப்பே" என்று சொல்லிவிட்டார். நான் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "உன் கதையெல்லாம் படிக்கிறேன். செவப்புப் பொடவை கட்டிண்டு வந்தான்னு எழுதுறே. சரி, வந்தாள்னு எடுத்துக்குவேன்" என்றார். அன்று முதல் நிறத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதும்போதெல்லாம் பேனா ஒரு கணம் நிற்கிறது.

சென்ற வருஷம் அத்தானின் பெண்ணுக்குக் கல்யாணம். எல்லாருமாகச் சேலை எடுக்கப் போனோம். முகூர்த்தச் சேலையைப் பெண்கள் தீர்மானித்தார்கள்; அது அரக்கு. வழக்கப்படி வாசலுக்குக் கொண்டு போய், வெயிலில் பார்த்து, தலையை ஆட்டினார்கள். சாயங்கால வரவேற்புக்கு இன்னொன்று எடுக்க வேண்டும். "இதை அப்பா எடுக்கட்டும்" என்றாள் கல்யாணப் பெண். அத்தான் முதலில் மறுத்தார். பிறகு குவியலுக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒன்றை உருவினார். நல்ல நீலம், கரையும் முந்தானையும் மாம்பழ மஞ்சள். எடுத்துக்கொண்டு தாமே வாசலுக்கு நடந்தார். கடைப் பையன் பின்னால் ஓடினான். பையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

வெயிலில் அதை விரித்துப் பிடித்தார். மஞ்சளும் நீலமும் பளிச்சென்று ஒன்றையொன்று தூக்கிக் காட்டின. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்றாய்த்தான் இருக்கிறது" என்றேன், பழக்க தோஷத்தால்.

"அது தெரியாது. இது எனக்குத் தெரியறது" என்றார் அத்தான்.